தேக்காவில் ஒரு ஹேண்ட்போன் வாங்கலாம், வாங்க!

சிங்கப்பூரில் 'செல்போன்' என்று கேட்டாலும் கடைக்காரருக்குப் புரியும். ஆனால், அந்த ஊர்த் தமிழர்கள் பேச்சில் அது 'ஹேண்ட்போன்'. செய்திகளில் 'கைத்தொலைபேசி'. டாலர் என்று யாரும் சொல்வதில்லை, 'வெள்ளி'தான். "ஹேண்ட்போன் எத்தனை வெள்ளிண்ணே?" என்று கேட்கத் தெரிந்துவிட்டால், லிட்டில் இந்தியாவில் பாதி வேலை முடிந்த மாதிரி.

மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் தங்கப் போகிற அம்மா, ஒரு வார டூரில் வந்திருக்கிற குடும்பம், கட்டட வேலைக்காக முதல்முறை விமானம் ஏறிய இளைஞர்... இந்த மூன்று பேருக்கும் ஊர் வந்து சேர்ந்ததும் வருகிற முதல் கேள்வி ஒன்றுதான்: 'போனுக்கு என்ன பண்றது?'

இரண்டாவது போன் எதற்கு?

'இருக்கிற போனில் சிம்மை மாற்றிப் போட்டால் போதாதா?' என்று தோன்றும். போதும்தான். உங்கள் போனில் இரண்டு சிம் போடும் வசதியோ, இ-சிம் வசதியோ இருந்தால் புதிய போன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பத்துப் பதினைந்து வெள்ளியிலிருந்து கிடைக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கான சிம் ஒன்றே போதும்.

சிக்கல் ஒற்றை சிம் போன் வைத்திருப்பவர்களுக்குத்தான். இந்திய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்த மறு நிமிடமே வங்கியிலிருந்து வரும் ஓடிபி நின்றுவிடும். யுபிஐ செயலி, 'உங்கள் சிம்மைக் காணவில்லை' என்று அடம்பிடிக்கும். வீட்டு வாடகை, கல்லூரிக் கட்டணம், சீட்டுப் பணம் என்று மாதாமாதம் ஊரில் கட்ட வேண்டியவை எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. சின்னஞ்சிறு பிளாஸ்டிக் துண்டான அந்த சிம்மைத் தொலைத்துவிட்டால், ஊர் திரும்பும்வரை திண்டாட்டம்தான்.

அதனால்தான் அடிக்கடி வெளிநாடு போகிறவர்கள் ஊர் எண்ணை ஊர் போனிலேயே விட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் மலிவாக இன்னொரு போன் வாங்கிக்கொள்கிறார்கள். பழைய போன் ஓடிபிக்கு, புதியது ஊர் சுற்ற. கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங்கை இயக்கச் சொல்லி, உள்வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டணம் உண்டா என்று உங்கள் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய போனில் டேட்டா ரோமிங்கை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

வயதானவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு, தேக்கா மார்க்கெட் வரை தனியாகப் போய்வர நினைக்கிற அம்மாவுக்குக் கையில் ஒரு உள்ளூர் எண் இருப்பது பெரிய தைரியம். வழி தெரியாவிட்டால் மகளைக் கூப்பிடலாம். அவசரம் என்றால் ஆம்புலன்சுக்கு 995, போலீசுக்கு 999. வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடக்கும் மூன்று மாதத்துக்கும், ஊரைப் பார்க்கும் மூன்று மாதத்துக்கும் இடையே இருப்பது பல நேரம் இந்தச் சின்ன போன்தான்.

எங்கே வாங்குவது?

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிர்ப்படுவது தேக்கா சென்டர். ஒரு காலத்தில் இங்கே மூங்கில் வளர்ந்திருந்ததாம். 'சிறு மூங்கில்களின் அடி' என்று பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொற்கள்தான் தேய்ந்து 'தேக்கா' ஆகியிருக்கின்றன. சீனர்கள் வைத்த பெயரைத் தமிழர்கள் தங்கள் பேட்டையின் பெயராகச் சொல்லிக்கொள்வது சிங்கப்பூருக்கே உரிய அழகு.

இங்கிருந்து சிராங்கூன் சாலையில் நடந்தால் வீரமாகாளியம்மன் கோயில், பூக்கடைகள், நகைக்கடைகள். அவற்றுக்கு நடுநடுவே கைத்தொலைபேசிக் கடைகள். அகலம் ஒரு மேசை அளவுதான் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் புதிய போன், பழைய போன், சார்ஜர், உறை, சிம் எல்லாம் இருக்கும். "வாங்கண்ணே, புதுசா, யூஸ்டா?" என்று தமிழிலேயே பேச்சு ஆரம்பிக்கும். பேரம் பேசலாம். இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் விலை தானாகக் குறையும்.

பேரம் பேசத் தெரியாதவர்களுக்குச் சையது ஆல்வி சாலையில் இருக்கிறது முஸ்தபா சென்டர். ஊசி முதல் தங்கம் வரை விற்கும் இந்தக் கடை, கொரோனாவுக்கு முன்பு 24 மணி நேரமும் திறந்திருந்தது. இங்கே ஒட்டியிருக்கும் விலைதான் விலை. சில வெள்ளி கூடுதலாக இருந்தாலும் முறையான பில் கிடைக்கும். ஃபேரர் பார்க் ரயில் நிலையம் பக்கம்.

மூன்றாவது இடம், ரோச்சோர் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள சிம் லிம் ஸ்குவேர். மாடி மாடியாக மின்னணுப் பொருட்கள். விவரம் தெரிந்தவர்களுக்குச் சொர்க்கம். விவரம் தெரியாதவர்களுக்கு?

முழந்தாளிட்ட பயணி

2014 நவம்பரில் இங்கே நடந்த ஒரு சம்பவம் உலகம் முழுக்கச் செய்தியானது. வியட்நாமிலிருந்து வந்த ஒரு தொழிலாளி, காதலிக்குப் பரிசளிக்க 950 வெள்ளிக்கு ஐபோன் வாங்கினார். பணம் கட்டி, காகிதத்தில் கையெழுத்தும் போட்ட பிறகு, 'வாரன்டிக்கு இன்னும் 1,500 வெள்ளி கட்டினால்தான் போன்' என்றார்கள். அவர் கையெழுத்துப் போட்ட ஆங்கிலக் காகிதத்தில் அது இருந்ததாம். பல மாதம் சேர்த்த பணம். கடைக்காரர்கள் முன்னால் முழந்தாளிட்டு அழுதார் அந்த மனிதர்.

அந்த வீடியோவைப் பார்த்து சிங்கப்பூர் மக்கள் கொதித்துப்போனார்கள். யாரோ முன்பின் தெரியாதவர்கள் அவருக்காகப் பணம் திரட்டினார்கள். கடையின் உரிமையாளருக்கு மறு ஆண்டு நீதிமன்றம் 33 மாதச் சிறைத் தண்டனை விதித்தது.

இன்றைக்கு அந்தக் கட்டடத்தில் நேர்மையான கடைகள் நிறைய. ஆனாலும் பாடம் பழையதாகவில்லை. மொத்தம் எவ்வளவு, வாரன்டி அதற்குள் அடக்கமா என்று முதலிலேயே கேளுங்கள். பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள். அதற்கு முன்னால் கார்டை நீட்டாதீர்கள். படித்துப் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏமாந்துவிட்டால் போக இடமும் உண்டு. குறைபாடுள்ள பொருளுக்குப் பழுதுபார்ப்போ மாற்றோ கேட்கும் உரிமையை 2012 செப்டம்பரிலிருந்து அந்த நாட்டுச் சட்டம் தருகிறது. பழைய போனுக்கும் இது பொருந்தும். சிறு தொகை வழக்குகளுக்கான தீர்ப்பாயம் சுற்றுலாப் பயணிகளின் புகாரை விரைவாக விசாரிக்கிறது. இரண்டுக்கும் தேவை, கையில் பில்.

ஊரிலிருந்து பழைய நோக்கியாவைக் கொண்டுபோகலாமா?

'அலமாரியில் பழைய பட்டன் போன் சும்மாதானே கிடக்கிறது, அதை எடுத்துப்போகலாம்' என்று நினைப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். சிங்கப்பூரில் 2ஜி சேவையை 2017 ஏப்ரலிலேயே மூடிவிட்டார்கள். 3ஜி 2024இல் விடைபெற்றது. எனவே அந்த அருமையான பழைய நோக்கியா அங்கே பாம்பு விளையாட்டு ஆடத்தான் உதவும்.

4ஜி போனிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 3ஜி இல்லாத ஊரில் சாதாரண அழைப்பும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். 'வோல்ட்டி' என்கிறார்களே, அந்த வசதி போனில் இருக்க வேண்டும். நீங்கள் வாங்கும் சிம் நிறுவனம் அதை அந்த மாடலில் ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் ஓடும், யூடியூப் ஓடும், சாதாரண அழைப்பு மட்டும் போகாது. வாட்ஸ்அப்பிலேயே பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது. 995ஐ வாட்ஸ்அப்பில் கூப்பிட முடியாதே!

எனவே, கடையிலேயே சிம்மைப் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் கடைக்காரரின் எண்ணுக்கு ஓர் அழைப்பு. அங்கிருந்து திரும்ப ஓர் அழைப்பு. இரண்டும் தெளிவாகக் கேட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதிக்கு:

* பழைய போன் என்றால் \*#06# அழுத்துங்கள். திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

* முந்தைய உரிமையாளரின் கூகுள், ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண்முன்னே போனை முழுவதும் அழித்துத் திறக்கச் சொல்லுங்கள்.

* எந்த நிறுவன சிம்மையும் ஏற்கிறதா என்று கேளுங்கள். ஊர் திரும்பியதும் இந்திய சிம் போட்டுக்கொள்ளலாம். சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் 4ஜிக்கு 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை பொதுவானது.

* சார்ஜரின் முனையைப் பாருங்கள். அங்கே மூன்று சதுர முனைகள். நம் ஊர் உருண்டை முனை அந்தச் சுவரில் நுழையாது. சென்னை வந்த பிறகு அந்த ஊர் சார்ஜரும் இங்கே நுழையாது. யுஎஸ்பி வயர் தனியாகக் கழலும் சார்ஜர் என்றால் கவலை இல்லை.

அழைப்புக்கு மட்டும் என்றால் 4ஜி பட்டன் போன் நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். ஒரு வெள்ளி அறுபது ரூபாய்க்கு மேல் என்பதை மனதில் வைத்துப் பெருக்கிப் பாருங்கள். வரைபடம், ரயில் நேரம் எல்லாம் வேண்டும் என்றால் பழைய ஸ்மார்ட்போன் நல்லது. விலையில் 9 சதவிகித ஜிஎஸ்டி அடங்கியிருக்கும். பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடையில் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கியிருந்தால், ஊர் திரும்பும்போது சாங்கி விமான நிலையத்தில் கோரலாம். போனைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாமல் கையில் வைத்திருங்கள். அதிகாரிகள் கேட்டால் காட்ட வேண்டும்.

சிம் உங்கள் பெயரில், பொறுப்பும் உங்கள் தலையில்

சிம் வாங்கப் பாஸ்போர்ட் கட்டாயம். ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று ப்ரீபெய்ட் சிம். வேலைக்கு வந்தவர்கள் வேலை அனுமதி அட்டையைக் காட்ட வேண்டும்.

இங்கேதான் ஒரு பெரிய பள்ளம் காத்திருக்கிறது. "தம்பி, உன் பேர்ல ஒரு சிம் மட்டும் எடுத்துக் கொடு, இருபது வெள்ளி தர்றேன்" என்று யாராவது அன்பாகக் கேட்பார்கள். அந்த எண்ணிலிருந்து மோசடி நடந்தால் போலீஸ் வந்து நிற்பது தம்பியிடம்தான். 2025 ஜனவரி முதல், இப்படி சிம்மை அடுத்தவருக்குக் கைமாற்றுவதைத் தண்டிக்கத் தனிச் சட்டப் பிரிவே இருக்கிறது. கடன் வாங்கி வெளிநாடு வந்தவர் இருபது வெள்ளிக்காக வேலையையும் விசாவையும் பணயம் வைக்கலாமா?

புது எண் வந்ததும் மோசடி அழைப்புகளும் வரும். அவற்றைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. சிங்கப்பூருக்குள்ளிருந்து வரும் அழைப்பில் எட்டு இலக்க எண் மட்டும்தான் தெரியும். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் கூட்டல் குறி இருக்கும். '+65' என்று போட்டு, 'போலீஸ் பேசுறோம், வங்கியிலிருந்து பேசுறோம்' என்றால், அது உள்ளூர் அழைப்பே இல்லை. பேசாமல் வைத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா

இந்தக் கடைகளின் உண்மையான முகத்தைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிறு மாலை போக வேண்டும். தீவின் ஓரங்களில் உள்ள விடுதிகளிலிருந்து தமிழகத் தொழிலாளர்களும் பங்களாதேஷ் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் வந்து சேர்வார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடையில் ஒரு வரிசை, டாப்-அப் போட ஒரு வரிசை. புல்தரையில் உட்கார்ந்து, திரையில் தெரியும் குழந்தையிடம் "அப்பா சொல்லு... அப்பா" என்று கெஞ்சிக்கொண்டிருக்கும் குரல்களைக் கடந்துதான் நடக்க வேண்டும்.

இவர்களுக்கு முந்தைய தலைமுறை, அழைப்பு அட்டையைச் சுரண்டி, நீளமான எண்ணை அழுத்தி, 'இன்னும் ஒரு நிமிடம்' என்ற எச்சரிக்கைக் குரலுக்குப் பயந்து பேசியது. அம்மாவிடம் நலம் விசாரிப்பதற்குள் அட்டை தீர்ந்துவிடும். இப்போது நிமிடக் கணக்கு இல்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் விடுதிகள் அடைக்கப்பட்டு, மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே இருக்க நேர்ந்தபோது, இந்தக் கைத்தொலைபேசிதான் அவர்களுக்கு ஜன்னல், கோயில், குடும்பம் எல்லாமே.

அதனால் தேக்காவில் மலிவு போன் என்றால் மட்டமான போன் என்று பொருள் இல்லை. பேட்டரி ஒரு நாள் தாங்குமா, வீடியோவில் முகம் தெளிவாகத் தெரியுமா, விழுந்தால் உடையாதா என்று பத்துக் கேள்வி கேட்டு வாங்குகிறவர்கள்தான் அங்கே வாடிக்கையாளர்கள். எந்தப் போன் நல்லது என்று தெரியவில்லையா? வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். தன் பையிலிருந்து எடுத்தே காட்டிவிடுவார்.

ஊர் திரும்பும் நாளில் அந்தப் போனை என்ன செய்வது? விற்கலாம், கொண்டுவரலாம். சிங்கப்பூர்த் தமிழ் வீடுகள் பலவற்றில் அது அலமாரிக்குப் போகிறது. அடுத்த முறை வருகிற மாமியாருக்கோ, சித்தப்பாவுக்கோ, வேலை தேடி வருகிற ஊர்ப் பையனுக்கோ அதே போன், புது சிம்முடன். அழித்துச் சுத்தமாக்கி, சார்ஜ் ஏற்றி, முக்கியமான இரண்டு எண்களைப் பதிந்து வைத்துவிட்டால், விமானம் இறங்கியவரிடம் கொடுக்க அதைவிட நல்ல வரவேற்பு வேறில்லை.