கிளம்ப மாட்டேங்குது!

ஓர் ஊரில் மொத்தம் எத்தனை டாக்டர்கள் என்று தெரிய வேண்டுமா? 'லேசாத் தலைவலி' என்று டீக்கடையில் சொல்லிப் பாருங்கள். அல்லது, ஓடாத டீசல் இன்ஜின் ஒன்றை நடுத்தோட்டத்தில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். இரண்டாவதற்குத்தான் கூட்டம் ஜாஸ்தி.

மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி போட்டவர்களுக்குச் சித்திரை வந்தாலே வயிற்றில் புளி கரையும். போன சித்திரையில் ஒரு ராத்திரி வானம் அப்படி இடித்தது. இடி எங்களுக்கு, மழை பாலக்கோட்டுக்கு என்று பங்கு பிரித்திருப்பார்கள் போல. ஒரு சொட்டு விழவில்லை, டிரான்ஸ்பார்மர் மட்டும் போயிற்று. "புதுசு வர நாலு நாளாகும் சார்" என்றார் லைன்மேன், பாவம், அவர் குற்றமா?

தக்காளிச் செடிக்கு நாலு நாள் என்பது நீண்ட காலம். காய் பிடித்த நேரத்தில் காயப் போட்டுவிட்டு, அப்புறம் மொத்தமாகத் தண்ணீர் விட்டால் பழம் வெடித்துவிடும். சிலது அடிப்பக்கம் கறுத்து அழுகும். மருந்துக்கும் நாற்றுக்கும் போன பணம் என் மனைவியின் இரண்டு வளையலாக அடகுக் கடையில் உட்கார்ந்திருந்தது.

கொட்டகை மூலையில் அப்பாவின் பழைய ஆயில் இன்ஜின் இருந்தது. அஞ்சு ஹெச்.பி., ஒற்றை சிலிண்டர், கையால் சுற்றிக் கிளப்புவது. கிர்லோஸ்கர்காரர்கள் 1946-ல் பூனாவில் ஆயில் இன்ஜினுக்கென்றே தனிக் கம்பெனி ஆரம்பித்தார்கள். ராஜ்கோட்டில் பழைய லிஸ்டர் மாடலைப் பார்த்துப் பார்த்து வார்த்துத் தள்ளினார்கள். ஒரு காலத்தில் கிணற்றுக்குக் கிணறு 'டுக் டுக்'தான். கரண்டு வந்தது; அதோடு தண்ணீரும் கீழே போனது. மேலே இருக்கிற பம்ப் இருபது, இருபத்திரண்டு அடிக்கு மேல் உறிஞ்சாது. எத்தனை பெரிய இன்ஜினானாலும் அதே கதைதான், ஏனென்றால் தண்ணீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தம். சின்னாறு புண்ணியத்தில் எங்கள் கிணற்றில் அந்த ஆழத்துக்குள் தண்ணீர் நின்றது.

டீசல் ஊற்றினோம். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினோம். நான், என் தங்கை மகன், பக்கத்துத் தோட்டத்து மாமா, அவருடைய விருந்தாளி என்று வரிசையாகச் சுற்றி, வரிசையாக உட்கார்ந்தோம். இன்ஜின் மட்டும் அப்படியே நின்றது.

"பிளக்கைக் கழட்டித் துடைங்கப்பா!" என்றார் ஒருவர். டீசல் இன்ஜினில் பிளக்கே கிடையாது என்றதும் அவர் முகத்தில் அனுதாபம். 'பிளக்கே இல்லாம வாங்கிட்டானே' என்று நினைத்திருப்பார்.

ருடால்ஃப் டீசல் என்கிற ஜெர்மன்காரர் செய்த வேலையே அந்தப் பொறியை ஒழித்ததுதான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுகிறதில்லையா? அதே சங்கதி. சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறு பதினேழில் ஒரு பங்காக அமுக்கினால் ஐந்நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். 1897-ல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டினார். 1900 பாரிஸ் கண்காட்சியில் இந்த வகை இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. (நம் ஜில்லாவில் அதெல்லாம் கட்டுப்படியாகாது. தாளிக்கவே யோசிக்கிறோம்.) 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போன மனுஷர் நடுக்கடலில் காணாமல் போனார்.

கடல் என்றதும்தான் ஞாபகம். தங்கை மகன் செல்போனில் எதையோ தேடி, "மாமா, கெடச்சிருச்சு!" என்று ஓடி வந்தான். பார்த்தால், வெள்ளைக்காரர் ஒருவர் பாய்மரப் படகுக்குள் குனிந்து உட்கார்ந்து, கிளம்பாத டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டுகிறார். மாரண்டஹள்ளிக்காரன் கடலைப் பார்க்க ராத்திரி பஸ் ஏற வேண்டும். ஆனாலும் வியாதி ஒன்றேதான். படகு ஆடுகிற ஆட்டத்தில் டாங்க் அடியிலிருக்கும் கசடு கலங்கி அடைக்குமாம், குழாய்க்குள் காற்றும் புகுந்துவிடுமாம்.

திண்ணையிலிருந்த அப்பா இறங்கி வந்தார். எழுபத்தெட்டு வயது. இந்த இன்ஜின் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றதில் காது போய்விட்டது. புகைக்குழாயைக் காட்டி, "பொகை வந்துச்சா?" என்றார். இல்லை என்று கையாட்டினோம். "அப்ப டீசலே போகல. வெள்ளையா வந்தா, டீசல் போவுது, எரியலைன்னு அர்த்தம். காத்த எடுங்கடா!"

டீசலை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் பம்ப் தள்ளுகிற தள்ளல் எல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். ஃபில்டர் மேல் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தினோம். நுரை நுரையாக வந்தது. நுரை நின்று, கம்பி மாதிரி ஒழுகியதும் முடுக்கினோம். பிறகு பம்பில். கடைசியில் நாசில் பைப் நட்டு. (அங்கே பீய்ச்சுவதைக் கையில் பிடித்துப் பார்க்காதீர்கள். அந்த வேகத்தில் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போகும்.)

நட்டை முடுக்கிய பிறகு கம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டுச் சுற்றச் சொன்னார். உள்ளே டீசல் விழுந்தால் நாசில் 'க்ரீக்' என்று கத்தும். அப்பாவுக்கு அது எங்கே கேட்கும்? பைப்பை இரண்டு விரலால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டார். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரியே!

"அடிக்குது. கட்டை விரல ஹேண்டில சுத்திப் புடிக்காத, திருப்பி அடிச்சா ஒடைஞ்சிரும். ம்... வேகமா... லீவர விடு!"

டுக்... டுக்... டுக் டுக் டுக்! கறுப்பாக ஒரு புகை, கொட்டகை ஓட்டிலிருந்து நாலு புறா. கூட்டம் கை தட்டியது. வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கி, முதல் பாத்தி நனைந்தது.

ஐந்தே நிமிஷம். நின்றுவிட்டது.

"ரிங் போச்சு தம்பி" என்றார் மாமா. "நாசிலை மாத்தணும்" என்றார் விருந்தாளி. பாலக்கோட்டு மெக்கானிக்குக்குப் போன் அடித்தால், மைத்துனர் கல்யாணத்தில் இருக்கிறார். பின்னணியில் நாதஸ்வரம்தான் தெளிவாகக் கேட்டது. தங்கை மகன் மறுபடி ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தினான். சொட்டு வரவில்லை. டாங்க் நிறைய டீசல் இருக்கிறது, குழாயில் இல்லை!

"தாத்தா, உள்ள இழுக்குது!" என்று கத்தினான்.

அவர் காதில் விழுந்ததோ என்னவோ, நேராக டாங்க் மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. மூடியில் காற்றுப் போக ஊசி முனையளவு ஓட்டை உண்டு. அதில் ஒரு குளவி அழகாக மண் வைத்துப் பூசியிருந்தது. டீசல் இறங்க இறங்க மேலே காற்று வர வழியில்லாமல், டாங்க் டீசலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. டப்பாவில் ஒரே ஓட்டை போட்டு எண்ணெய் ஊற்றிப் பாருங்கள், புரியும்.

அம்மா பேசாமல் தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். குளவி வீடு காலி. மறுபடி காற்றெடுத்து, மறுபடி சுற்றினோம்.

இந்த முறை அரை மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. டாக்டர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அப்பா மட்டும் போகவில்லை. பைப்பில் ஒரு கையை வைத்தபடி என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"டாங்க் வத்தறதுக்குள்ள நிறுத்திடு. இல்லாட்டி நாளைக்கும் காத்து எடுக்கணும்."