வூட்வேட் வீதியில் ஒரு கறுப்பு றக்

ரொறன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறக்குறைய 370 கிலோமீற்றர் ஓடினால் வின்சர் நகரம். ஆற்றுக்கு அக்கரை டிற்றோயிற். 1930இல் திறந்த சுரங்கப் பாதையால் ஆற்றின் கீழாகவே கடந்து போனோம்.

அங்கே வூட்வேட் வீதியில் ஓகஸ்ட் மாதத்து மூன்றாம் சனிக்கிழமை பழைய வாகனங்களின் ஊர்வலம் நடக்கும். 1995இல் தொடங்கியது. தேருக்குக் கூடுவதுபோல் சனம்!

எங்களை மறித்து நிறுத்தியது 1991ஆம் ஆண்டு ஜீ.எம்.சி. சைக்குளோன் பிக்கப் றக். 3,000க்குச் சற்றுக் குறைவாகவே செய்தார்களாம். ஆறு சிலிண்டர், 4.3 லீற்றர், 280 குதிரைவலு. அந்த ஆண்டே ஒரு சஞ்சிகை பெராரி காரோடு ஓடவிட்டபோது, கால் மைலில் இந்த றக்தான் முந்தியது.

சொந்தக்காரர் பொனற்றைத் திறந்து விளக்கினார். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சில்லைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனைச் சில்லு காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அதுதான் ரேர்போ. கூடிய காற்றுக்குக் கூடிய பெற்றோல் வேண்டும். தெளிப்பது இன்ஜெக்ரர், அளவு சொல்வது கணனி.

சாதாரண ஓட்டத்தில் 1 பங்கு பெற்றோலுக்கு நிறைப்படி 14.7 பங்கு காற்று. ரேர்போ முழுமூச்சாய் அமுக்கும்போது காற்று 11, 12 பங்குக்கு மேற்படக் கூடாது. கூடுதல் பெற்றோல் உள்ளே வெக்கையைத் தணிக்கும். அது குறைந்தால் பெற்றோல் தானாக வெடித்து எஞ்சின் தட்டும். சில வினாடிகளில் பிஸ்ரன் ஓட்டையாகலாம்.

ஆகவே அமுக்கத்தைக் கடைசியில்தான் கூட்டுவாராம். முதலில் றப்பர் குழாய்களில் வெடிப்பு, பம்பின் வேகம், பிளக், ஓயில் எல்லாம் பார்ப்பார். பிறகு புகைக் குழாயில் ஒட்சிசன் மானி பூட்டுவார். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டி, கொப்பியில் எழுதுவார். இரண்டை ஒன்றாய் மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? தொழிற்சாலையில் மெஷினோடு நிற்கும் எங்களுக்கு இது விளங்காத பாடமல்ல.

எங்கள் பெடியள் சிலர் முதற் சம்பளத்தில் பழைய றக் வாங்கி, கடையில் விற்கும் 'சிப்' ஒன்றைப் போட்டு வேகம் கூட்டப் பார்க்கிறார்கள். அந்தச் சிப் வேறு யாருடையவோ எஞ்சினுக்குப் போட்ட கணக்கு. தம்பிமாரே, முதலில் உங்கள் எஞ்சினை அளந்து பாருங்கள்.

ஊர்வலம் பார்க்கக் காசில்லை. மடிக்கதிரையும் தண்ணீரும் கொண்டு போங்கள். பிரஜாவுரிமை இன்னும் கிடைக்காதவர்கள், எல்லை கடக்கமுன் தங்கள் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். போவது சுகம், திரும்பி வரவும் வேண்டுமல்லவா?