யாரிடம்? எவ்வளவு?

ஆண்டுதோறும் தவக்காலம் வந்தால், தொழிற்சாலைக் கேண்டீனில் பசியாறும்போது என் இந்து நண்பர் ஒருவர் தவறாமல் கேட்பார்: "ஏன்யா, வருஷம் முழுக்கத் தப்பு செஞ்சிட்டு, ஒரு நாள் ஃபாதர்கிட்டப் போய்ச் சொல்லிட்டா எல்லாம் கழுவிப் போயிடுமா? ரொம்ப வசதியா இருக்கே!" மேசையில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளே எதுவோ உறுத்தும். நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அம்மா 2014இல் இறந்தார். கடைசி இரண்டு ஆண்டுகள் என் வீட்டில்தான் இருந்தார். வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. சுங்கைப்பட்டாணியில் இருக்கும் அக்கா கணவரை இழந்தவர். தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். அந்த நிலையிலும் அம்மாவுக்காக மாதம் 250 வெள்ளியை என் கணக்கில் போட்டுவிடுவார். அப்பாவின் சேமநிதிப் பணத்தில் மிச்சமிருந்ததும் அம்மாவின் கணக்கில் கிடந்தது. வங்கி அட்டை என்னிடம்.

அடக்கச் செலவெல்லாம் போக 6,400 வெள்ளி மிஞ்சியது. "எல்லாம் ஆஸ்பத்திரிக்கே சரியாப் போச்சுக்கா" என்றேன். அந்தப் பணம் என் புதுக் காருக்கு முன்பணமாயிற்று.

இதைத் திருட்டு என்று நான் நினைக்கவே இல்லை. நடுராத்திரியில் அம்மாவைக் கழிப்பறைக்குத் தூக்கிப் போனது யார்? சம்பளமில்லா விடுப்பு எடுத்தது யார்? பெட்ரோல், டோல் என்று கணக்குப் போட்டால் அது எனக்குச் சேர வேண்டிய பணம்தானே? இந்தக் கேள்விகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. சிக்கலே அதுதான். முழுப் பொய்யை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. பாதி நியாயம் கையில் இருந்ததால் ஐந்தாண்டு தூங்கினேன். உண்மையிலேயே எனக்குச் சேர வேண்டியது என்றால் அக்காவிடம் கேட்டே எடுத்திருக்கலாம். அவர் மறுத்திருக்கவும் மாட்டார். நான் கேட்கவில்லை.

கத்தோலிக்கர்களாகிய நாங்கள் கனமான பாவங்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது குருவிடம் அறிக்கையிட வேண்டும். பாட்டி காலத்தில் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். இப்போது ஒப்புரவு அருளடையாளம். நானும் ஒழுங்காகப் போனேன். கோபப்பட்டேன், பூசைக்குப் போகவில்லை என்ற வரிசைக்கு நடுவே, "பண விஷயத்தில பொய் சொன்னேன் ஃபாதர்" என்று செருகிவிடுவேன், வாழைப்பழத்துக்குள் மாத்திரை வைப்பதுபோல. மூன்று முறை மாதா மந்திரம் சொல்லச் சொல்வார்கள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

2019 ஜூலை. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா. மெழுகுவத்திப் பவனிக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ சனம் வரும். கிறிஸ்துவர் அல்லாதவர்களும் நிறையப் பேர் நேர்ந்துகொண்டு வருவார்கள். நான் ஒரு வயதான குருவின் முன் மண்டியிட்டு என் வழக்கமான பட்டியலை ஒப்பித்தேன். பண விஷயத்தில் அவர் நிறுத்தினார்.

"யாரிடம்?"

"அக்காகிட்ட, ஃபாதர்."

"எவ்வளவு?"

அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. தொகையைச் சொன்னேன். என் காதுக்கே அது பெரிய தொகையாகக் கேட்டது.

"கடவுளின் பெயரால் மன்னிப்பு வழங்கத்தான் இங்கே உட்கார்ந்திருக்கேன். உங்க அக்காவுக்குப் பதிலா மன்னிக்க எனக்கு உரிமை இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுங்க. வாயாலும் சொல்லுங்க."

இது அவருடைய சொந்தக் கண்டிப்பு அல்ல. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், ஆனால் பாவத்தால் விளைந்த சேதத்தையெல்லாம் சீராக்கிவிடாது, திருடியதைத் திருப்பித் தர வேண்டும் என்றுதான் திருச்சபையின் மறைக்கல்வியும் சொல்கிறது. சிறுவயதில் ஞாயிறு வகுப்பு நாடகத்தில் வரிதண்டுபவர் சக்கேயுவாக நடித்திருக்கிறேன். மரத்தில் ஏறிய காட்சி நன்றாக நினைவிருக்கிறது. இறங்கி வந்தபின், ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாக அவர் சொன்னதை வசதியாக மறந்துவிட்டேன்.

மறுநாளே புறப்பட்டேன் என்று எழுத ஆசைதான். மூன்று மாதம் ஆயிற்று. 'அம்மாவின் பழைய கணக்கில் கிடந்தது' என்று ஒரு வரி போட்டு இணைய வங்கி வழியாக அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். "அதுக்கும் ஒரு பொய்யா?" என்று மனைவி கேட்டாள்.

சுங்கைப்பட்டாணிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. வழியெல்லாம் என் தரப்பு நியாயங்களை ஒத்திகை பார்த்தேன். அக்கா தையல் இயந்திரத்தின் முன் இருந்தார். உறையை வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அந்த வருஷம் மூத்தவளைக் காலேஜ்ல சேர்க்க மூவாயிரம் வெள்ளி கேட்டு உனக்குப் போன் பண்ணேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அழைப்பு வந்தது. கையில் காசு இல்லை என்று சொன்னேன்.

"அம்மா போட்ட சங்கிலியை அடகு வச்சேன். மீட்க முடியல. முழுகிப் போச்சு."

ஒத்திகை பார்த்த ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. "மன்னிச்சிடுக்கா" என்றேன். அவர் நோட்டுகளை இரண்டு முறை எண்ணி நூல் டப்பாவுக்குள் வைத்தார். "கல்லறைத் திருநாளுக்கு இந்த வருஷம் நான் தனியாப் போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கினார்.

ஊதாரி மகன் உவமையில் தந்தை ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். மூத்தவனோ வீட்டுக்குள் வர மறுத்து வெளியே நிற்கிறான். அவன் பிறகு உள்ளே வந்தானா என்று லூக்கா எழுதவில்லை. சிறுவயதில் அந்த அண்ணன்மேல் எனக்குக் கோபம். அன்று திரும்பி வரும் வழியில், அவன் நிற்கட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கட்டும் என்று தோன்றியது.

நவம்பர் 2ஆம் தேதி மாலையில் நான் தனியாகப் போனேன். கல்லறை கழுவப்பட்டிருந்தது. காலையில் அக்கா ஏற்றிய மெழுகுவத்திகள் உருகிக் கிடந்தன. நானும் இரண்டு ஏற்றினேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அம்மாவின் கல்லறைச் சிலுவை, பெயின்ட் உரிந்து. கீழே அக்கா எழுதியிருந்தார்: "கிறிஸ்மசுக்குள்ள அடிச்சிடு. பாதிக் காசு நான் தர்றேன். ரசீது வாங்கிக்கோ."

வாங்கினேன்.