அப்புறம் சொல்கிறேன்

என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவனுக்கு இப்போது 46 வயது, எனக்கு 51. ஒரே வீட்டில் வளர்ந்தோம். அப்படி இருந்தும் அவன் பேசும் மொழியை நான் கற்றுக்கொள்ளவில்லை. நேரமில்லை, சொல்லித்தர ஆளில்லை என்றெல்லாம் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எதுவும் உண்மையில்லை. கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்காதவன் அவன்தானே, அவன்தான் எங்களைப் புரிந்துகொள்ளப் பாடுபட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்குள் எங்களுக்கென்று முப்பது நாற்பது ஜாடைகள் உண்டு. மீசையை முறுக்கினால் அப்பா. கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்தால் தூக்கம். விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பாடு. அதை வைத்துக்கொண்டு ‘சாப்பிட்டாயா’ என்று கேட்கலாம். ‘ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய்’ என்று கேட்க முடியாது. நான் கேட்டதும் இல்லை.

சின்ன வயதில் அவனைப் பார்த்த டாக்டர், “கையால் பேசவிடாதீர்கள், அப்புறம் பேச்சே வராது. உதட்டைப் பார்த்துப் பழகட்டும்” என்றார். அவன் படித்த பள்ளியிலும் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ராத்திரி விடுதியில்தான் பிள்ளைகளின் கைகள் பேசும். இந்தப் பிடிவாதத்துக்கு வயது அதிகம். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, வாய்ப்பேச்சே உயர்ந்தது, சைகையை வகுப்பிலிருந்து விலக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தீர்மானித்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். 2010இல் கனடாவின் வான்கூவரில் அதே மாநாடு அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தது. இடைப்பட்ட 130 வருடத்தில் எத்தனை பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது எவ்வளவு கடினம் என்று அறிய ஒரு கண்ணாடி போதும். அதன் முன் நின்று சத்தமில்லாமல் ‘பாடு’ என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ‘மாடு’ என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். பணமும் மணமும் அப்படித்தான், படியும் மடியும் அப்படித்தான். ககரம் அடிநாக்கில் பிறப்பது, வெளியே தெரியவே தெரியாது. பாதியைப் பார்த்தும் மீதியை ஊகித்தும் அவன் எங்களோடு காலம் தள்ளினான். அவன் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவனும் தலையாட்டுவான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

விருந்தாளிகள் வந்து வீடே சிரிக்கும்போது அவன் என் கையைப் பிடித்து இழுப்பான். நான் உள்ளங்கையை அவன் பக்கம் காட்டி லேசாகத் தள்ளுவேன். ‘அப்புறம் சொல்கிறேன்’ என்று அர்த்தம். அந்த அப்புறம் பெரும்பாலும் வந்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொன்னார்: “இனி எங்களால் ஆவதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.” தம்பி என் பக்கத்தில்தான் நின்றான். டாக்டர் மாஸ்க் போட்டிருந்ததால் பார்ப்பதற்கு உதடுகூட இல்லை. என் கையைப் பிடித்து இழுத்தான். நான் உள்ளங்கையைக் காட்டினேன். மறுபடி இழுத்தான். கட்டிலில் கிடந்த அம்மாவைக் காட்டி, என் கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்தேன். தூங்குகிறாள் என்றேன்.

அவன் மனசு தாங்காது என்றுதான் மறைத்தேன் என எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். அம்மா சாகப்போகிறாள் என்று சொல்ல என்னிடம் மொழி இல்லை. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டுமே ஜாடை வைத்திருந்தேன்.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள், தேறிவிடுவாள் என்று நம்பி அவன் மறுநாள் அச்சகத்துக்கு பைண்டிங் வேலைக்குப் போனான். சாயங்காலம் திரும்பும்போது வாசலில் கூட்டம் நின்றது. அம்மாவோடு கடைசியாக இருந்திருக்க வேண்டிய ஒரு பகலை அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவனுடைய பள்ளித் தோழர்கள் வந்தார்கள். முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். தம்பி பேச ஆரம்பித்தான். கைகள், புருவம், தோள், கண் எல்லாம் பேசின. அப்படியொரு தம்பியை நான் பார்த்ததே இல்லை. தோழர் ஒருவரின் மனைவிக்குக் காது கேட்கும். அவர்தான் எனக்குச் சொன்னார். ராத்திரி கரண்ட் போனால் அம்மா மெழுகுவர்த்தியைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வாளாம், அவள் வாயை அவன் பார்ப்பதற்காக. அதே வீட்டில், அதே இருட்டில் நானும் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது.

பேச்சின் நடுவே அவன் அடிக்கடி உள்ளங்கையை முன்னால் தள்ளுவதைக் கவனித்தேன். “என்ன சொல்கிறான்?” என்று கேட்டேன். அந்தப் பெண் தயங்கினார். “உங்களத்தான் சொல்றாங்க அக்கா. உங்களுக்கு அவங்க வச்சிருக்கிற பேரு அது.”

சைகை மொழி பேசுகிறவர்கள் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். ஆளின் முகத்திலோ பழக்கத்திலோ பளிச்சென்று தெரிவதுதான் பெயராகும். என்னிடம் அவனுக்குத் தெரிந்தது அதுதான்.

அதற்குப் பிறகுதான் கற்க ஆரம்பித்தேன். டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கு வீடியோ அகராதி வெளியிட்டிருக்கிறது. அதைப் போனில் போட்டுப் பார்த்துப் பழகினேன். இந்த மொழியில் கேள்விச் சொல் கடைசியில் வரும்: உன் பெயர் என்ன. நம் தமிழ் மாதிரியே. ஆனால் புருவம் சேர்ந்து கேட்காவிட்டால் கேள்வி நிறைவாகாது. என் புருவத்துக்கு அது எளிதில் வரவில்லை. என் விரல்களைத் தம்பியே பிடித்துத் திருத்துவான்.

போன மாதம், டாக்டர் அன்றைக்குச் சொன்னதை அவன் மொழியிலேயே அவனுக்குச் சொன்னேன். திக்கித் திக்கி, முழுதாகச் சொன்னேன். கண் எடுக்காமல் பார்த்தான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான். டாக்டர் சொன்னது எப்போது?

செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று என்றேன். அவன் விரல்விட்டு மணியை எண்ணினான். எண்ணி முடிக்கும்வரை நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை.

என் பெயரை அவன் இன்னும் மாற்றவில்லை. மாற்றச் சொல்லி நான் கேட்கப்போவதும் இல்லை. இப்போது வீட்டில் யாராவது சிரித்தால், அவன் என் கையை இழுப்பதற்கு முன்னால் நான் அவன் பக்கம் திரும்பிவிடுகிறேன்.