நிறுத்தக் கற்றலே ஓட்டக் கற்றல்

தங்க வயலில் பிறந்தார்க்குப் புகைவண்டி வெறும் ஊர்தியன்று; ஊரின் உயிர்நாடி. பௌரிங்பேட்டை என அந்நாளில் வழங்கிய பங்காரப்பேட்டையினின்று மாரிக்குப்பம் வரை 1894ஆம் ஆண்டில் இடப்பெற்ற ஏறத்தாழ 16 கிலோமீட்டர்க் கிளைப்பாதை, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பு நாடி வந்த நம் முன்னோர் பலரைச் சுரங்கத்தின் வாயிலிலே இறக்கிவிட்டது. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பெற்றன. அன்று வயிற்றுப்பாட்டுக்காக நம்மை இங்குக் கொணர்ந்த அதே பாதை, இன்று அதே வயிற்றுப்பாட்டுக்காக நம்மவரை விடியுமுன் பெங்களூருக்கு ஏற்றிச் சென்று, இருட்டியபின் இல்லம் சேர்க்கின்றது.

அந்த 2001ஆம் ஆண்டிலேதான் மைக்ரோசாப்ட் நிறுவனம் 'டிரெயின் சிமுலேட்டர்' என்னும் கணிப்பொறி விளையாட்டை வெளியிட்டது. இங்கிலாந்து, ஆஸ்திரியா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளின் ஆறு பாதைகள் அதில் இடம்பெற்றன. அத்தகைய பாதைகளை இக்காலக் கணிப்பொறிகளில் இயக்குதற்கு 'ஓப்பன் ரயில்ஸ்' என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. ஓய்வுநாள் மாலைகளில் மகனுக்கு அருகமர்ந்து நாமும் இதனை ஓட்டிப் பழகினோம். "விளையாட்டில் என்ன இருக்கிறது?" என வினவும் பெற்றோர்க்கு நாம் கண்டதைக் கூற விழைகின்றோம்.

தொடங்குவோர் நீண்ட சரக்கு வண்டியை நாடுதல் வேண்டா. நான்கைந்து பெட்டிகள் கொண்ட பயணிகள் வண்டி, பகற்பொழுது, தெளிந்த வானம், சமதளப் பாதை இவையே முதற் பாடத்துக்குப் போதும். கால அட்டவணைக்குக் கட்டுப்படாது விருப்பம்போல் ஓட்டிப் பார்க்கும் முறையும் உண்டு. முன்னோ பின்னோ எனத் திசையைத் தெரிவு செய்து, பிரேக்கைத் தளர்த்தி, விசையைப் படிப்படியாகக் கூட்டினால் வண்டி நகரும். இதனைக் கால்மணி நேரத்தில் எவரும் கற்கலாம். அருமை யாதெனின், அடுத்த நிலையத்தில் நடைமேடை ஓரமாக அதனை நிறுத்துவதேயாம்.

இரும்பின்மேல் இரும்பு உருளுதலால் உராய்வு குறைவு. வேகமாகச் செல்லும் வண்டி நிற்பதற்குப் பல நூறு மீட்டர் தூரம் தேவை. காற்றழுத்தப் பிரேக்கோ வியத்தகு அமைப்புடையது. வண்டி நெடுகிலும் ஓடும் குழாயில் காற்று நிறைந்திருக்கும்வரை சக்கரங்கள் விடுபட்டிருக்கும். அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும். ஆதலின் குழாய் அறுந்தாலும் வண்டி தானே நிற்கும். ஆயின் அம்மாற்றம் கடைசிப் பெட்டியை எட்டச் சில நொடிகள் ஆகும். பொறுமையிழந்து பிரேக்கைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தால் சேமித்த காற்றுக் குன்றிப் பிரேக்கின் வலிவும் குன்றும். முன்கூட்டியே மென்மையாகப் பிடித்துக் காத்திருத்தலே திறமை.

கைகாட்டி விளக்குகளும் இதனையே போதிக்கின்றன. நம் நாட்டில் இரட்டை மஞ்சள், அடுத்த கைகாட்டியை வேகம் குறைத்துக் கடக்க ஆயத்தமாகுக என்றும், ஒற்றை மஞ்சள், அடுத்ததில் நிற்க ஆயத்தமாகுக என்றும் உணர்த்தும். சிவப்பைக் கண்டபின் சிந்திப்பவன் ஓட்டுநன் ஆகான். நிலையத்துக்குச் சற்று முன்னே வண்டி நின்றுவிட்டால் பெட்டிக்குள் நாம் முணுமுணுக்கின்றோம். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்த்தாலோ, அந்தச் சிவப்பு நம் உயிர்க்காகவே எரிகின்றது என்பது விளங்கும்.

இங்கே நம் தந்தையர் காலம் நினைவுக்கு வருகின்றது. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடைய சாம்பியன் சுரங்கத்தில், கூண்டில் இறங்கிய ஆட்களை மேலிருந்து இயக்கியவர் கண்ணால் கண்டாரல்லர். மணியோசைக் குறியும், ஆழம் காட்டும் முள்ளுமே அவருக்கு வழிகாட்டிகள். தாம் காணாத மனிதரின் உயிரைத் தம் கைப்பிடியில் ஏந்தி, உரிய இடத்தில் நிறுத்திய அக்கைகளின் ஒழுக்கத்தை, சுரங்கச் சங்கொலியைக் கேட்டறியாத நம் பிள்ளைகளுக்கு எவ்வாறு உணர்த்துவது? திரையில் ஓடும் வண்டி அதற்கு ஒரு சிறு வாயில் எனக் கருதுகின்றோம்.

இவ்விளையாட்டு உத்தியோகம் தந்துவிடாது. அதற்குத் தொழிற்கல்வியும், ரயில்வே தேர்வும், முறையான பயிற்சியும் வேண்டும். ஆயினும் ஓட்டிப் பழகிய பிள்ளை அடுத்து ஒன்று செய்யலாம். பாதைகளைத் தாமே அமைத்துக்கொள்ளும் வசதியும் இம்மென்பொருள்களுக்கு உண்டு. உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என நம் நிலையங்களை அவன் திரையில் எழுப்பட்டும். நடைமேடை எத்துணை நீளம், சயனைடு மேடுகள் எப்பக்கம், சுரங்கக் கோபுரம் எங்கு நின்றது என்று பாட்டனாரைக் கேட்டறியட்டும். அவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குதல் நன்று.