மருதானை: ஒரே இடத்தில் இரண்டு பள்ளிகள்

கொழும்புக்குச் சுற்றுலா போகிறவர்கள் காலி முகத்திடல், கங்காராமை, புறக்கோட்டைக் கடைவீதி என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அதில் மருதானையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோட்டை ரயில் நிலையத்துக்கு அடுத்த ஸ்டேஷன்தான்.

இங்கே ஒராபி பாஷா தெருவில் இருக்கிறது ஸாஹிரா கல்லூரி. பெயர்தான் கல்லூரி, சின்னப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளிக்கூடம் இது. பக்கத்திலேயே மருதானைப் பள்ளிவாசல். தொழுகிற இடத்தையும் படிக்கிற இடத்தையும் தமிழில் ‘பள்ளி’ என்றே சொல்கிறோம். இங்கே இரண்டும் அருகருகே நிற்கின்றன.

அதற்குக் காரணம் உண்டு. 19-ம் நூற்றாண்டில் இலங்கையில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷனரிகளின் கையில் இருந்தது. அங்கே அனுப்பினால் பிள்ளை மார்க்கத்தை விட்டு விலகிவிடுமோ என்று முஸ்லிம் பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்தில் ஒரு சமூகமே ஆங்கிலப் படிப்பில் பின்தங்கியது.

படிப்பும் வேண்டும், மார்க்கமும் வேண்டும் என்று பாடுபட்டவர் கண்டி வழக்கறிஞர் சித்தி லெப்பை. இதற்காகவே 1882-ல் ‘முஸ்லிம் நேசன்’ என்ற தமிழ் இதழைத் தொடங்கினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883-ல் இங்கு வந்த ஒராபி பாஷா ஊக்கம் கொடுத்தார். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய வாப்பிச்சி மரைக்கார் தோள் கொடுத்தார். 1892-ல் ஸாஹிரா பிறந்தது.

கட்டடம் எழுப்பிவிடலாம். அதற்குள் ஒரு பண்பாட்டை வளர்ப்பதுதான் கஷ்டம். அதைச் செய்தவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு அதிபர்கள். தலைமை ஆசிரியரை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்.

1921 முதல் 1947 வரை டி.பி.ஜாயா. அதற்கு முன் பௌத்தர்களின் ஆனந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அடுத்து, 1948 முதல் 1961 வரை ஏ.எம்.ஏ.அஸீஸ். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர். இலங்கை சிவில் சர்வீஸில் சேர்ந்த முதல் முஸ்லிம். அந்தப் பெரிய பதவியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

ஒரு சமயத்தார் தங்கள் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறார்கள் என்பதை அடுத்தவர் பள்ளியில் இருந்து பார்த்தவர்கள் இருவரும். அதனால்தானோ என்னவோ, ஸாஹிராவின் கதவு மற்ற சமயத்துப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது. யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்த தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி இங்கே படித்தார். பிறகு இங்கேயே ஆசிரியராகவும் இருந்தார்.

சமயம் சார்ந்த பள்ளி என்றாலே பிள்ளைகளைப் பிரித்துவிடும் என்று இன்று நினைக்கிறோம். அது பள்ளியை நடத்துகிறவரைப் பொறுத்தது என்கிறது மருதானை.

அனுமதி இல்லாமல் ஸாஹிராவுக்குள் போக முடியாது. வெளியிலிருந்து பார்த்துவிட்டு, அப்படியே ஆனந்தா கல்லூரிக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அதுவும் இதே மருதானையில்தான் இருக்கிறது.