படிக்க ஆளில்லாத தாள்

ஆண்டிறுதி விடுமுறையில், உயர்நிலை இரண்டில் பயிலும் மாணவி ஒருத்தி தன் தந்தையுடன் சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்குச் சென்றாள். 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் அது. பழைய கோட்டை வாயிலைப் பார்த்துவிட்டு, இருவரும் 1781இல் கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோவிலுக்கு வந்தனர்.

அங்கே கெபாயா அணிந்த மூதாட்டி ஒருவர் வணங்கிக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் திருநீறு துலங்கியது.

“வணக்கம் பாட்டி! எந்த ஊர் நீங்கள்?” என்று தந்தை கேட்டார்.

மூதாட்டி புன்னகைத்தார். “எனக்குத் தமிழ் தெரியாது. நான் மலாக்கா செட்டி,” என்று மலாயில் சொன்னார். “சுல்தான்கள் ஆண்ட காலத்தில் எங்கள் முன்னோர் தமிழகத்திலிருந்து வணிகம் செய்ய வந்தார்கள். இங்குள்ள பெண்களை மணந்துகொண்டார்கள். வழிபாடு நிலைத்தது, வீட்டுமொழி மலாயாகிவிட்டது.”

பிறகு மாணவியிடம், “உனக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டார்.

தமிழைத் தேர்வுக்குரிய பாடமாகவே அவள் நினைத்திருந்தாள். “கொஞ்சம் தெரியும், நேனேக்,” என்றாள் தயக்கத்துடன்.

மூதாட்டி அவர்களைக் கம்போங் செட்டியிலுள்ள தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பூசை மாடத்திலிருந்து மஞ்சளேறிய தாள் ஒன்றை எடுத்தார். “என் கொள்ளுத்தாத்தா எழுதியதாம். மந்திரம் என்று எண்ணி வணங்கி வருகிறோம். இதைப் படிக்க இங்கு ஆளில்லை.”

மாணவி எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். “பச்சரிசி... வெல்லம்... தேங்காய் பத்து... வாழையிலை...” ஒரு சொல்லில் தடுமாறினாள். உதவ வந்த தந்தையைக் கையமர்த்திவிட்டு, மீண்டும் முயன்றாள். “படையல்!”

அது மந்திரமன்று, படையலுக்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல்! அவள் அதை மலாயில் விளக்கினாள். மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பினூடே கண்கள் கலங்கின.

“பொங்கலுக்கு முந்தைய நாள் முன்னோருக்கு வாழையிலையில் உணவு படைப்போம். அதைப் பர்ச்சு என்போம். அடுத்த மாதம் தாத்தா கேட்டவற்றையெல்லாம் வாங்கிவிடுகிறேன். இதை மலாயில் எழுதித் தருவாயா?”

அவள் ஒரு சொல்லும் விடாமல் எழுதிக் கொடுத்தாள்.

அன்று மாலை பேருந்தில் வெகுநேரம் அமைதியாக இருந்தவள், திடீரென்று தந்தையின் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, நம் தாத்தா எழுதிய கடிதம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா?”